ரேடியோ சார் உட்கார்ந்துவிட்டார்

எங்கள் மொழிப் பயிற்சி நிலையத்தில் என் வகுப்பறைக்கும் ரேடியோ சாரின் வகுப்பறைக்கும் நடுவில் இருந்தது ஒரு பிளைவுட் தடுப்பு மட்டும்தான். தரைத்தளத்தில் டயர் கடை, முதல் மாடியில் கண்ணாடி அறுக்கும் பட்டறை, இரண்டாம் மாடியில் நாங்கள். வேலைக்காகவோ கல்யாணம் முடித்தோ வெளியூர்களிலிருந்து இங்கே வந்து சேர்ந்தவர்களுக்கு எங்கள் மொழியைக் கற்றுக்கொடுப்பது எங்கள் பிழைப்பு. எழுத்தே தெரியாதவர்கள் என்னிடம் வருவார்கள். எழுத்தும் இலக்கணமும் தெரிந்தும் வாய் திறக்காதவர்கள் அவரிடம் போவார்கள். நான் உயிரெழுத்து சொல்லிக்கொண்டிருக்கும்போது தடுப்பைத் தாண்டி அவர் குரல் வந்து விழும். பல நாள் என் மாணவர்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவர் வகுப்பைத்தான் கேட்டார்கள்.

'ரேடியோ சார்' என்று பெயர் வைத்தது மாணவர்கள்தான். நிறுத்தாமல் பேசுவார், பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். அவருடைய அப்பா காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் போடுகிறவர். ஒரு மூட்டை வெங்காயம் கைமாறுவதற்குள் ஒரு நாடகமே நடத்திவிடுவாராம். மகனுக்குச் சொத்தாக வந்தது அந்தத் தொண்டை. படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிய நாட்களில் அவர் ஒரு மரச்சாமான் கண்காட்சியில் மைக் பிடித்துக்கொண்டு நின்றார். கட்டில் பார்க்கப் போன எங்கள் நிர்வாகி அம்மா, கட்டிலை மறந்துவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

வகுப்பில் அவர் நடப்பதைப் பார்க்க வேண்டும். 'ஓடினான்' என்று சொன்னால் கதவிலிருந்து ஜன்னல்வரை நிஜமாகவே ஓடுவார். 'விழுந்தான்' என்றால் விழுவார். பஸ் கண்டக்டர், வீட்டுக்காரர், தலைவலி வந்த மாமியார் என்று எல்லாக் குரலும் அவரிடம் இருந்தது. அந்தப் பக்கம் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். இந்தப் பக்கம் நான் பலகையைத் துடைத்துக்கொண்டிருப்பேன். வகுப்பு விட்டு எல்லோரும் படியிறங்கும்போது, "எப்படி இருந்துச்சு?" என்று கேட்பேன். "சூப்பர் டீச்சர்!" என்பார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

அப்படி ஓடிக்கொண்டிருந்தவருக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. இரண்டும் பெண்.

மனைவி ஒரு பெரிய மருத்துவமனையின் மருந்தகத்தில் வேலை பார்த்தார். பிரசவ விடுப்பு முடிந்ததும் அவர் காலையில் கிளம்ப, பகல் முழுக்கக் குழந்தைகள் ரேடியோ சார் கையில். சாயங்காலம் மனைவி வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது இவர் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவார். "எங்க வீட்டுல புருஷன் பொண்டாட்டி சந்திக்கிறது செருப்பு ஸ்டாண்டுகிட்ட மட்டும்தான் அக்கா" என்று என்னிடம் சொல்வார். ராத்திரியும் தூக்கம் கிடையாது. "ஒருத்தி அசந்தா இன்னொருத்தி டியூட்டிக்கு வந்துடறா. ரெண்டு பேரும் வயித்துக்குள்ளயே பேசி முடிவு பண்ணிட்டு வந்திருக்காங்க."

சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் கண்ணுக்குக் கீழே கரி பூசியது போல இருக்கும். சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஒரு நாள் வந்தார். தோளில் பால் காய்ந்த தடம் நிரந்தரமாகிவிட்டது. ஆசிரியர் அறையில், "ரேடியோவுக்கு பேட்டரி இறங்கிடுச்சு" என்று கேலி கிளம்பியது. தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து எனக்கும் தெரிந்தது. 'ஓடினான்' இப்போது நடந்தது. 'விழுந்தான்' மேஜையில் சாய்ந்தது. பாதிக் கதையில் நிறுத்திவிட்டு, "எங்க விட்டேன்?" என்று மாணவர்களையே கேட்பார். அவர்களுக்கும் தெரியாது.

"கொஞ்ச நாள் லீவு கேளேன் தம்பி" என்றேன்.

"கேட்டா தருவாங்க அக்கா. கூடவே என் கிளாஸை வேற யாருக்காவது தந்துடுவாங்க."

எங்கள் தொழிலில் அது நடக்காத கதை இல்லை.

ஒரு சாயங்காலம் தடுப்புக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அவர் வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். பிறகு அவரே சொல்லித்தான் நடந்தது தெரிந்தது. வந்ததும் பலகையில் ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறார்: 'நாளை மழை பெய்தது.' வேண்டுமென்று எழுதவில்லை. கை எழுதியது, மூளை வீட்டில் இருந்தது. எழுதிவிட்டு, மார்க்கர் பேனாவை மூடக்கூடத் தெம்பில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

வகுப்பு காத்திருந்தது. எப்போது நடிக்கத் தொடங்குவார் என்று அவர்கள் பார்த்தார்கள். அவர் தொடங்கவில்லை.

"சார், தப்பு" என்று ஒரு குரல் கேட்டது.

பேசியது கிரேன்காரர். ஆற்றங்கரையில் எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் உயரமான கிரேனை ஓட்டுகிறவர். வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து சிரிப்பதைத் தவிர வேறு எதற்கும் வாய் திறக்காதவர்.

"என்ன தப்பு?" ரேடியோ சாருக்கு நிஜமாகவே தெரியவில்லை. திரும்பிப் பார்க்கவும் சோம்பலாக இருந்தது. "நீங்களே பேசி முடிவு பண்ணுங்க."

"'பெய்தது' முடிஞ்சுபோச்சு. 'நாளை' இன்னும் வரல" என்றார் பல் டாக்டர். கணவருக்கு இங்கே மாற்றல் ஆனதால் கூடவே வந்து, தெருமுனையில் சிறு கிளினிக் திறந்திருந்த அம்மாள் அவர்.

"அப்போ 'நேற்று' போடுங்க" என்றார் சர்வேயர். நிலம் அளக்கும் உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்று, மகன் வீட்டோடு வந்து தங்கியிருந்த பெரியவர்.

"வேணாம்" என்றார் கிரேன்காரர். "'பெய்யும்' போடுங்க. நேத்து மழை இல்ல. நான் மேல இருந்தேன்."

யாரோ, நேற்றுக் காலை தன் தெருவில் தூறியது என்றார். கிரேன்காரர் விடவில்லை. எந்தத் தெரு, எத்தனை மணி, எந்தத் திசையில் மேகம் என்று கேட்டார். எல்லாம் தப்பும் தவறுமாக. ஆனால் எல்லாம் எங்கள் மொழியில். அந்தச் சத்தத்தில்தான் என் வகுப்பு மறுபடியும் தடுப்பைப் பார்த்துத் திரும்பியது.

மணி அடித்ததும் அவர் என் வாசலில் வந்து நின்றார். "அக்கா, நான் இன்னைக்கு ஒண்ணுமே பண்ணல."

"கேட்டுச்சு."

"அவங்க பேசினாங்க அக்கா."

"அதுவும்தான் கேட்டுச்சு."

மறுநாள் அவர் வேண்டுமென்றே எழுதினார்: 'பல் டாக்டர்கள் இனிப்பே சாப்பிட மாட்டார்கள்.' எழுதிவிட்டு உட்கார்ந்தார். பல் டாக்டர் எழுந்துவிட்டார். தான் சாப்பிடுகிற இனிப்புகளை அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, மற்றவர்கள் குறுக்கு விசாரணை செய்தார்கள். ரேடியோ சார் ஒரு தாளில் அவர்கள் செய்யும் பிழைகளை மட்டும் குறித்துக்கொண்டே இருந்தார். நடுவில் புகுந்து திருத்தவில்லை. முடிவில் யார் பெயரும் சொல்லாமல் சிலவற்றைப் பலகையில் எழுதினார். அதில் ஒன்று, 'கடைவலி எங்கே இருக்கிறது?' கடைக்குப் போகும் வழியைக் கேட்கிறாரா, கடைவாய்ப் பல் வலியைக் கேட்கிறாரா என்று பல் டாக்டர் நிஜமாகவே குழம்பிப்போயிருந்தார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அதன்பிறகு அந்த வகுப்பில் யாருக்கும் 'வலி'யும் 'வழி'யும் குழம்பியதில்லை.

"உனக்கு எப்படி இது தோணுச்சு?" என்று ஒரு நாள் டீ குடிக்கும்போது கேட்டேன்.

"தோணல, தூங்கி வழிஞ்சு கிடைச்சது" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "எங்கப்பா தொண்டை கிழியக் கத்துவார் அக்கா. ஆனா விலை சொல்றது எதிர்ல நிக்கிற ஆளுங்கதானே? அவங்க வாய் திறக்கலைன்னா வெங்காயம் அங்கேயே கிடக்கும். நான் இத்தனை நாளா கத்திக்கிட்டே இருந்திருக்கேன், ஏலம் நடக்கல."

அதிலிருந்து அவர் ஒரு விஷயத்தில் மட்டும் புத்தியைச் செலுத்தினார்: உட்கார்ந்த இடத்திலிருந்து என்ன செய்யலாம்? வீட்டில் தயாரிக்க நேரம் கிடையாது. படம் வெட்டி ஒட்ட முடியாது. பஸ்ஸில் வரும்போது யோசித்ததோடு சரி.

இரண்டிரண்டு பேரை முதுகோடு முதுகு ஒட்டி உட்கார வைப்பார். ஒருவர் தன் வீட்டுச் சமையலறையைச் சொல்ல வேண்டும், மற்றவர் பார்க்காமல் வரைய வேண்டும். இன்னொரு நாள், ஒரே கதையை மூன்று பேரிடம் போய்ச் சொல்லச் சொல்வார். ஒவ்வொரு தடவையும் முந்தியதைவிடச் சுருக்கமாக. முதல் ஆளிடம் திக்கித் திணறியவர் மூன்றாவது ஆளிடம் சரளமாகப் பேசுவார். ஆசிரியர் செய்த வேலை, கையைத் தட்டி 'மாறுங்க' என்று சொன்னது. சட்டைப்பையிலோ கைப்பையிலோ இருக்கும் ஏதாவது ஒரு பொருளைக் கைக்குள் மறைத்துக்கொண்டு, மற்றவர்கள் கேட்கும் கேள்விக்கு 'ஆமாம்', 'இல்லை' மட்டும் சொல்ல வைப்பார். எதற்கும் அவர் எழுந்து நிற்கவே தேவையில்லை.

பல் டாக்டரிடம் ஒரு பழக்கம் இருந்தது. கேள்வி கேட்டால் பதிலையும் அவரே சொல்லிவிடுவார். அவர் தொழிலில் எதிரே இருப்பவரின் வாயில் எப்போதும் ஏதாவது கருவி இருக்கும். பதில் வராது என்றே பழகிவிட்டது. ரேடியோ சார் அவர் கையில் பேனாவைக் கொடுத்தார். "கேள்வி கேட்டதும் இதைப் பிடிச்சுக்குங்க. எதிர்ல இருக்கிறவங்க பேசி முடிச்சப்புறம்தான் கீழ வைக்கணும்." அந்த அம்மாள் முதல் நாள் பேனாவைக் கடிக்கப் போய்விட்டார். ஆனால் எதிரே இருந்தவர், அந்த அமைதியைத் தாங்க முடியாமல், பேசினார்.

எல்லாம் பலித்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு நாள் 'நகர வாழ்க்கை நல்லதா கெட்டதா' என்று பட்டிமன்றம் வைத்துப் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை. "நான் மேலருந்து பாக்கறேன், நல்லாத்தான் இருக்கு" என்று கிரேன்காரர் ஒரே வரியில் முடித்துவிட்டார். அன்று நெடுநேரம் அந்தப் பக்கமிருந்து மின்விசிறியின் சத்தம்தான் கேட்டது.

பிறகு அந்தச் சம்பவம். மூன்று பேர் மூன்று பேராகக் கதை சொல்லிக்கொண்டிருந்தபோது ரேடியோ சார் நாற்காலியிலேயே தூங்கிப்போனார். கண்ணை மூடியது மட்டுமில்லை, குறட்டையும் வந்தது. வகுப்பு ஒரு நிமிடம் திகைத்தது. இதுவும் புதுப் பயிற்சி என்று நினைத்துவிட்டார்கள்.

"சார் தூங்கிக்கொண்டிருக்கிறார்" என்று ஒருவர் தொடங்கினார்.

"சாரின் தலை இடது பக்கம் சாய்கிறது" என்றார் இன்னொருவர்.

கிரேன்காரர், "இன்னும் சாயும். பிடிக்கணும்" என்றார்.

பல் டாக்டர் பக்கத்தில் போய் எட்டிப் பார்த்தார். "சாரின் வாய் திறந்திருக்கிறது. கீழ் வரிசையில் வலது பக்கம் ஒரு சொத்தைப் பல் இருக்கிறது. சார் சீக்கிரம் என்னிடம் வர வேண்டும்."

வகுப்பு வெடித்துச் சிரித்ததில்தான் அவர் விழித்தார். எல்லோரும் சிரித்தார்கள், சர்வேயரைத் தவிர. அவர் முகம் சிவந்துபோயிருந்தது. வகுப்பு முடிந்ததும் நேராக நிர்வாகி அம்மாவின் அறைக்குப் போனார். எங்கள் மொழி போதவில்லை என்று தன் மொழியிலும் கலந்து திட்டினாராம். சாரம் இதுதான்: வாத்தியார் என்றால் நின்று பேச வேண்டும். இவர் உட்கார்கிறார். உட்கார்ந்தவர் இப்போது தூங்குகிறார். நாளைக்குப் பாய் கொண்டு வருவாரா?

நிர்வாகி அம்மா ரேடியோ சாரைக் கூப்பிட்டபோது நானும் அந்த அறையில் இருந்தேன். வருகைப் பதிவில் கையெழுத்துப் போட வந்தவள், போட்ட பிறகும் நகரவில்லை.

"தூங்கினீங்களா தம்பி?"

"தூங்கினேன் மேடம். அது தப்பு. இனிமே நடக்காது." பிறகு, நான் எதிர்பார்க்காத நிதானத்தோடு சொன்னார்: "ஆனா உக்கார்ந்தது தப்பில்ல. அதுக்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்."

நிர்வாகி அம்மா புருவத்தைத் தூக்கினார். "உங்களை எதுக்குக் கூட்டிட்டு வந்தேன்னு ஞாபகம் இருக்கா? அந்தக் குரலுக்காக."

"நல்லாவே இருக்கு மேடம். என் குரல் நல்லா இருக்கிறதால என் மாணவங்களுக்குப் பேச்சு வரல. வந்து ஒரு நாள் கேளுங்க. என்னைக் கேட்காதீங்க, அவங்களைக் கேளுங்க."

"சர்வேயருக்கு என்ன பதில் சொல்ல?"

"நானே பேசறேன்."

பேசினார். மறுநாள் படிக்கட்டில் சர்வேயரை நிறுத்தி, சுற்றி வளைக்காமல் கேட்டார். "ஐயா, நீங்க எங்க மொழி கத்துக்கறது யார்கிட்ட பேச?"

"மருமக." மகன் காலையில் போனால் இரவுதான் வருவான். மருமகள் வீட்டிலிருந்தே கணினியில் வேலை பார்க்கிற பெண். எங்கள் மொழி மட்டும்தான் தெரியும். பகல் முழுக்க மாமனாரும் மருமகளும் கையால்தான் பேசிக்கொண்டார்கள்.

"உங்க மருமககிட்ட நான் வந்து பேசணுமா, நீங்க பேசணுமா?"

"நான்தான்."

"அப்போ இங்க யார் பேசிப் பழகணும்?"

சர்வேயர் விறுவிறுவென்று மேலே ஏறிப்போய்விட்டார். ஒப்புக்கொண்ட முகம் இல்லை அது. ஆனால் வகுப்பை விட்டும் நிற்கவில்லை.

அன்று முதுகோடு முதுகு வரைகிற பயிற்சியில் ரேடியோ சார் அவரைக் கிரேன்காரரோடு சேர்த்துவிட்டார். சர்வேயர் தன் மகன் வீட்டைச் சொல்ல வேண்டும். "வடக்குச் சுவரிலிருந்து கிழக்கே..." என்று தொடங்கினார்.

"வடக்கு கிழக்கு எல்லாம் எனக்கு வேணாம் ஐயா. இடதா, வலதா, மேலயா, கீழயா?"

"வடக்கு வடக்குதான்! நீ எந்தப் பக்கம் திரும்பினாலும் வடக்கு மாறாது!"

"நான் திரும்பிக்கிட்டே இருப்பேன் ஐயா. கிரேன் சுத்தும்."

இருவரும் கடைசிவரை ஒரு அறையைக்கூட வரைந்து முடிக்கவில்லை. ஆனால் சர்வேயர் இத்தனை நீளமாக, இத்தனை சூடாக எங்கள் மொழியில் பேசியது அதுவே முதல் தடவை. கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த நிர்வாகி அம்மா உள்ளே வராமலே திரும்பிப் போனார். என்னைக் கடக்கும்போது, "ஒரு மாசம் பார்ப்போம்" என்று மட்டும் சொன்னார்.

அந்த மாதம் முடிவதற்குள் குழந்தைகள் இரண்டுக்கும் காய்ச்சல் வந்தது. மருந்தகத்தில் மாற்று ஆள் வராததால் மனைவியால் நேரத்துக்குக் கிளம்ப முடியவில்லை. ரேடியோ சார் எனக்குப் போன் செய்தார். பின்னணியில் இரண்டு அழுகை, இரண்டு சுருதியில். "அக்கா, இன்னைக்கு என்னால வர முடியாது. கிளாஸை அனுப்பிவிட்டுடுங்க."

என் மாணவர்களுக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டுப் பக்கத்து அறைக்குப் போனேன். கதவைத் திறந்தால் வகுப்பு நடந்துகொண்டிருக்கிறது. ஆசிரியர் நாற்காலி காலி. பலகையில் சர்வேயரின் கையெழுத்தில், அளந்து போட்டது போல ஒரு வாக்கியம்: 'என் மருமகளுக்கு என் மேல் கோபம் இல்லை.'

"பொய்!" என்று பல் டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். "ஏன் கோபம்? சொல்லுங்க." சொல்லிவிட்டுப் பேனாவை இறுக்கப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"சார் இன்னைக்கு வரமாட்டார். குழந்தைங்களுக்குக் காய்ச்சல். நீங்க வீட்டுக்குப் போகலாம்" என்றேன்.

எல்லோரும் குழந்தைகளைப் பற்றி விசாரித்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. பல் டாக்டர் கண்ணால் கெஞ்சினார். "டீச்சர், போகும்போது கதவைச் சாத்திட்டுப் போறீங்களா? ஐயா இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கார்."

கதவைச் சாத்தினேன். ஆனால் உள்ளே நின்றுகொண்டு சாத்தினேன்.

விஷயம் ஒரு தட்டு. சாப்பிட்டு முடித்ததும் சர்வேயர் தன் தட்டைத் தானே கழுவ எழுவார். மருமகள் வந்து வாங்கிக்கொள்வாள். இவர் விடமாட்டார். அவளும் விடமாட்டாள். தினமும் மதியம் ஒரு தட்டு இரண்டு பக்கமும் இழுபடும். மனைவி இறந்த பிறகு பல வருஷம் தனியாகச் சமைத்து, தனியாகக் கழுவி வாழ்ந்தவர் அவர். இங்கே கை கழுவுவதைத் தவிர அவருக்கு வேலையே இல்லை. அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல், தெரிந்த ஒரே வார்த்தையான 'வேண்டாம்' என்பதையே உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நான் மருமகள்" என்றார் பல் டாக்டர். மேஜையிலிருந்த டஸ்டரை எடுத்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். "மாமா, குடுங்க."

"வேண்டாம்!"

"அது கோபம் மாதிரி இருக்கு ஐயா" என்றார் கிரேன்காரர். "மெதுவா இறக்குங்க."

பல தடவை இறக்கிப் பார்த்தார்கள். எல்லோரும் ஆளுக்கொரு வார்த்தை கொடுத்தார்கள். 'விடு' சரியா, 'விடும்மா' சரியா என்று தனியாக ஒரு வாக்குவாதம் நடந்தது, என்னைப் பார்த்தார்கள், 'விடும்மா' என்று நான் தீர்ப்புச் சொன்னேன். அன்று நான் செய்த ஒரே பங்களிப்பு அதுதான். கடைசியில் சர்வேயர் டஸ்டரைப் பிடித்தபடி, தட்டுத் தடுமாறாமல் சொன்னார்: "விடும்மா. நான் கழுவறேன். எனக்கும் இந்த வீட்டுல ஒரு வேலை வேணும்."

பல் டாக்டர் டஸ்டரை விட்டுவிட்டார்.

இரண்டு நாள் கழித்துச் சர்வேயர் நிர்வாகி அம்மாவின் அறைக்கு மறுபடியும் போனார். ஆசிரியர் அறைக் கதவு திறந்திருந்ததால் அவர் பேச்சு முழுவதும் கேட்டது. இந்தத் தடவை வேறு மொழி கலக்கவில்லை.

"மேடம், நான் மருமககிட்ட பேசினேன். அவளும் பேசினாள். நிறையப் பேசினாள், பாதி புரிஞ்சுது. நான் கோபத்துல தட்டைப் பிடுங்கறேன்னு இத்தனை நாள் நினைச்சிருக்கா. அவ சமையல் எனக்குப் பிடிக்கலைன்னு நினைச்சிருக்கா. ராத்திரி என் மகன்கிட்ட அழுதிருக்கா. எனக்குத் தெரியாது. இப்ப சரியாயிடுச்சு. 'அப்போ மத்த பாத்திரத்தையும் சேர்த்துக் கழுவிடுங்க மாமா'ன்னுட்டா. எல்லாப் பாத்திரமும் இப்ப நான்தான்."

நிர்வாகி அம்மா சிரித்துவிட்டார். "அப்போ வாத்தியார் மேல இருந்த புகார்?"

"அவர் உக்காரட்டும். ஆனா அந்த நாற்காலி சரியில்ல. தலை சாயுது. நல்ல நாற்காலி போடுங்க."

நல்ல நாற்காலி வந்தது. ஒரு மாசக் கெடுவைப் பற்றி அதன்பிறகு யாரும் பேசவில்லை.

குழந்தைகள் என்றால் வளராமலா இருப்பார்கள்? பல் முளைத்து, நடை பழகி, ஒரு கட்டத்தில் இரண்டு பேரும் இரவு முழுக்கத் தூங்கக் கற்றுக்கொண்டார்கள். அவர்கள் தூங்கியதும் அப்பாவும் அம்மாவும் தூங்கினார்கள். ஒரு திங்கட்கிழமை ரேடியோ சார் மலர்ந்த முகத்தோடு, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். அன்று தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து பழைய குரல் முழு வீச்சில் கேட்டது. ஓடினார், விழுந்தார், கண்டக்டரானார், மாமியாரானார். எனக்கே சந்தோஷமாக இருந்தது. மாணவர்களும் சிரித்தார்கள். ஆனால் கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பு, விருந்தாளி வீட்டில் சிரிப்பது போல ஆகிவிட்டது.

அவர் மூச்சு வாங்க நின்ற இடத்தில் கிரேன்காரர் கேட்டார். "சார், உடம்பு நல்லாயிடுச்சா?"

"நல்லா தூங்கினேன்ப்பா."

"சந்தோஷம் சார். இப்ப நீங்க உக்காருங்க. எங்க முறை."

வகுப்பு முடிந்து அவர் என் அறைக்கு வந்தபோது சிரித்துக்கொண்டுதான் இருந்தார். "மறைக்காம சொல்றேன் அக்கா. கொஞ்சம் வலிச்சுது."

"வலிக்காம இருக்குமா? நீ நல்லா நடிப்பியே."

"ஆனா அந்த ஆள் சொன்ன விதத்தைக் கேட்டீங்களா? ஒரு தப்பு இல்ல. 'எங்க முறை'ங்கறான்! இந்த வார்த்தையை நான் சொல்லித் தரவே இல்ல அக்கா."

அதற்குப் பிறகு நடிப்பை அவர் முழுவதும் விட்டுவிடவில்லை. வாரத்தில் ஒரு நாள், வகுப்பு முடிகிற நேரத்தில் கொஞ்சம் ஆடிக்காட்டுவார். "ரேடியோன்னா நடுவுல விளம்பரம் இருக்கணும்ல" என்பார். மற்ற நேரமெல்லாம் நாற்காலிதான். இப்போது அது தெம்பில்லாமல் உட்கார்ந்த நாற்காலி இல்லை. அவர் காதைத் தீட்டிக்கொண்டு, தாளில் குறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கதவு வழியாகப் பார்த்தால், அந்த அறையிலேயே அதிகமாக வேலை செய்துகொண்டிருப்பவர் அவர்தான் என்று தோன்றும். மாலை வேளையில் இன்னொரு வகுப்பையும் நிர்வாகி அம்மா அவருக்கே கொடுத்தார். அதைத் தாங்கவும் அவரால் முடிந்தது. வீட்டுக்குப் போய்க் குழந்தைகளோடு விளையாடவும் மிச்சம் இருந்தது. தேர்வுக் காலத்தில் வாடி வதங்கிப் போகிற எங்களைப் போன்றவர்கள் ஒவ்வொருவராக அவரிடம் போய், "தம்பி, நாளைக்கு என்ன பண்ணலாம்?" என்று கேட்கத் தொடங்கினோம். நானும் எழுத்து வகுப்பில் வேண்டுமென்றே தப்பாக எழுதப் பழகிவிட்டேன். என் தப்பைக் கண்டுபிடிக்கிற அவசரத்தில் என் மாணவர்கள் எழுத்துக்கூட்டிப் படிக்கிற வேகமே தனி.

ஆற்றங்கரைக் கட்டடம் முடிந்ததும் கிரேன்காரருக்கு வேறு நகரத்தில் வேலை வந்தது. அங்கே பேசுகிற மொழி வேறு. கடைசி நாள் அன்று ரேடியோ சார் என்னையும் வகுப்புக்குக் கூப்பிட்டார். தன் நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு அவர் மாணவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். கிரேன்காரர் எழுந்து நின்றார். கையில் தாள் இல்லை. மேலே தனியாக உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று சொன்னார். காற்று எந்த வேகத்துக்கு மேல் அடித்தால் வேலையை நிறுத்துவார்கள் என்று சொன்னார். கீழே இருக்கிறவர்கள் வாக்கி டாக்கியில் வேகமாகப் பேசினால் முதலில் பயப்பட்டதையும், பிறகு ஒரு நாள், 'மறுபடியும் சொல்லுங்க, எனக்குப் புரியல' என்று துணிந்து சொன்னதையும் சொன்னார். பிழைகள் இருந்தன. யாரும் எண்ணவில்லை.

"புது ஊர்ல பாஷை தெரியாதே, என்ன பண்ணப் போற?" என்று சர்வேயர் கேட்டார்.

"பயம் இல்ல ஐயா" என்றார் கிரேன்காரர். "இங்க ரொம்ப நாள் சும்மா இருந்துட்டேன். அங்க போய் இறங்கின அன்னைக்கே தப்பா பேச ஆரம்பிச்சுடுவேன்."

ரேடியோ சார் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து அவருக்கு இடம் கொடுத்தார். அடுத்துப் பேசப் பல் டாக்டர் ஏற்கெனவே எழுந்து நின்றுகொண்டிருந்தார்.